கோயலிஷன்: கூட்டணியா, கூட்டியக்கமா?

காலநிலை மாற்றத்துக்கு எதிராகத் தொண்டு அமைப்புகள் பல ஒன்றுசேர்ந்து ‘க்ளைமேட் கோயலிஷன்’ என்று செய்தியில் வந்தால், தமிழில் எழுதுபவரின் கை தானாகவே ‘காலநிலைக் கூட்டணி’ என்று தட்டிவிடும். அகராதிப்படி அதில் தவறில்லை. ஆனால் கூட்டணி என்று படித்த மாத்திரத்தில் நம்மவர் மனதில் எழும் முதல் கேள்வி, யாருக்கு எத்தனை சீட் என்பதுதான். தேர்தலிலேயே நிற்காத தொண்டு அமைப்புகளின் தலையில் அந்தக் கேள்வியை ஏன் கட்ட வேண்டும்?

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘அலேரே’ என்றால் ஊட்டி வளர்ப்பது. கல்லூரிகளில் ‘அலும்னி மீட்’ என்கிறோமே, அந்த அலும்னியும் இதே வேரிலிருந்து வந்ததுதான்: ஊட்டி வளர்க்கப்பட்டவர்கள். முன்னால் ‘கோ’ சேர்ந்து ‘கோஅலெஸ்கெரே’ ஆனபோது ‘சேர்ந்து வளர்தல்’ என்று பொருள் கொண்டது. இரண்டு விளிம்புகளும் சேர்ந்து புண் ஆறுவதையும் லத்தீனில் இந்த வினையால்தான் சொன்னார்கள். நம் ஊரில் மாவுக்கட்டைப் பிரித்ததும் “எலும்பு கூடிடுச்சா?” என்று கேட்கிறோமே, அந்தக் ‘கூடு’தான் இதற்கு மிக நெருக்கமான தமிழ் வினை. ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டில் நுழைந்த சொல், அடுத்த நூற்றாண்டில் அரசியலுக்குப் போனது. 1783-இல் அதுவரை பரம எதிரிகளாக இருந்த ஃபாக்ஸும் நார்த் பிரபுவும் கைகோத்து பிரிட்டனில் ஆட்சி அமைத்தார்கள். சந்தர்ப்பவாதம் என்று வசைபாடாதவர் குறைவு. அவ்வருட இறுதிக்குள் ஆட்சியும் கவிழ்ந்தது. கோயலிஷன் என்றாலே முகம் சுளிக்கும் வழக்கம் அங்கேயும் இருந்திருக்கிறது என்பது நமக்கு ஓர் ஆறுதல்.

ஆங்கில எழுத்துகளில் இந்தச் சொல்லின் முதல் நான்கும் நிலக்கரியைக் குறிக்கும் ‘கோல்’தான். இரண்டுக்கும் உறவு ஏதும் கிடையாது. ‘கோல்’ பழைய ஜெர்மானிய வழிச் சொல். ஆனாலும் பிரிட்டனில் இரண்டும் நன்றாகவே மோதிக்கொண்டன.

2005-இல் அங்கே ‘ஸ்டாப் க்ளைமேட் கேயாஸ்’ என்ற பெயரில் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. பிறகு அதன் பெயர் ‘தி க்ளைமேட் கோயலிஷன்’ ஆனது. உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால்தான் இந்தச் சொல்லின் முழுப் பொருள் புரியும். கிரீன்பீஸ் இருப்பதில் வியப்பில்லை. பறவைகளைக் காக்கும் ஆர்.எஸ்.பி.பி., வறுமை ஒழிப்பில் இறங்கிய ஆக்ஸ்ஃபாம், தேவாலயங்களின் கிறிஸ்டியன் எய்ட், ஜாம் காய்ச்சுவதற்குப் பேர்போன விமன்ஸ் இன்ஸ்டிட்யூட் எல்லாம் அதே பட்டியலில் இருக்கின்றன. சூழலியல் என்றாலே ஒதுங்கிப்போகும் குடும்பத்தலைவி, தன் மகளிர் சங்கம் சொன்னால் காது கொடுப்பார். மக்கள் ஆதரவைத் திரட்ட இப்படி வேறு வேறு வாசல்கள் வேண்டும். ஒரே அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் அத்தனை வாசல் வைக்க முடியாது.

அவர்களின் ‘ஷோ த லவ்’ பரப்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில், காதலர் தினத்தை ஒட்டி, பச்சைத் துணியிலும் கம்பளி நூலிலும் சின்னச் சின்ன இதயங்கள் செய்கிறார்கள். சட்டையில் குத்திக்கொள்கிறார்கள், தொகுதி எம்.பி.க்கும் கொடுக்கிறார்கள். அறிக்கையையும் வரைபடத்தையும் நீட்டினால் நழுவிவிடும் எம்.பி.யால், வாக்காளர் கைப்படப் பின்னிய இதயத்தை மறுக்க முடிவதில்லை. 2015 காதலர் தினத்தன்று கேமரன், மிலிபாண்ட், கிளெக் என்று மூன்று கட்சித் தலைவர்களும் ஒரே காலநிலை உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். பின்னணியில் தொண்டு அமைப்புகள் சேர்ந்து எடுத்த முயற்சி இருந்தது. கரியுமிழ்வைப் பிடித்து வைக்காத நிலக்கரி மின்நிலையங்களை மூடுவது அதில் ஒரு வாக்குறுதி. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.

சேர்ந்து நிற்பதற்கு விலையும் உண்டு. 2014-இல் பிரிட்டனில் வந்த சட்டப்படி, தேர்தல் காலத்தில் அமைப்புகள் கூட்டாகப் பரப்புரை செய்தால், மொத்தச் செலவும் ஒவ்வொன்றின் கணக்கிலும் ஏறும். பெரிய அமைப்பு செலவழித்தால் பக்கத்தில் நின்ற சிறியதற்கும் செலவு வரம்பு இடிக்கும். கட்சிகளுக்கு வாக்குக் கேட்பதோ, அறக்கட்டளைகளுக்கு அங்கே அடியோடு தடை.

இப்போது தமிழுக்கு வருவோம். பழந்தமிழில் இதற்குத் ‘துணை’ இருக்கிறது. ‘துணைவலி’ என்று குறள் சொல்வது போரில் இரு தரப்பு அரசர்களுக்கும் துணையாக வருபவரின் வலிமையை. கூட்டணியில் உள்ள ‘அணி’யும் படை வரிசையின் வாடை அடிப்பதே. ‘கூட்டமைப்பு’ என்றால் சட்டதிட்டம், தலைவர், பொருளாளர், சந்தா என்று கட்டுக்கோப்பான ஒன்று கண்முன் வருகிறது. ஈழத்தில் இந்த இரண்டு சொற்களும் கட்சிகளுக்கே போய்விட்டன: தமிழர் விடுதலைக் கூட்டணி, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. முன்னதன் ஆங்கிலப் பெயரில் இருப்பது ‘ஃப்ரண்ட்’, பின்னதில் ‘அலையன்ஸ்’. இரண்டிலுமே கோயலிஷன் இல்லை.

என் தேர்வு ‘கூட்டியக்கம்’. அதற்குத் தமிழ்நாட்டு அரசியலே சாட்சி சொல்கிறது. 2015-இல் சில கட்சிகள் மக்கள் பிரச்சினைகளுக்காகச் சேர்ந்தபோது ‘மக்கள் நலக் கூட்டு இயக்கம்’ என்றுதான் பெயர் வைத்தன. அதே ஆண்டில், தேர்தலைச் சேர்ந்து சந்திப்பது என்று முடிவானதும் பெயர் ‘மக்கள் நலக் கூட்டணி’ ஆனது. இரண்டு சொற்களுக்கும் உள்ள எல்லைக்கோட்டை இதைவிடத் துலக்கமாக எந்த அகராதியும் காட்டியதில்லை. ஒரு சங்கடம் உண்டு. ஈழத்து வாசகருக்கு ‘இயக்கம்’ என்றால் நினைவுக்கு வருவது வேறு. அவர்களுக்காக எழுதும்போது ‘கூட்டு முயற்சி’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

உலகளவில் காலநிலை அமைப்புகளை இணைக்கும் ‘க்ளைமேட் ஆக்‌ஷன் நெட்வொர்க்’கைக் கூட்டியக்கத்தில் சேர்க்க வேண்டாம், அதற்கு ‘வலையமைப்பு’ போதும். 1989-இல் அது தோன்றிய அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் ‘குளோபல் க்ளைமேட் கோயலிஷன்’ பிறந்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் காலநிலை நடவடிக்கையைத் தடுப்பதற்காக ஒன்றுசேர்ந்த கூடாரம் அது. ஷெல் 1998-இல் விலகியது, ஃபோர்டு 1999-இல். கரியுமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தை அமெரிக்காவின் புஷ் அரசு கைகழுவிய மறு ஆண்டு, வந்த வேலை முடிந்தது என்று 2002-இல் கடையைக் கட்டினார்கள். ஆதாயத்துக்காகச் சேர்ந்து, ஆதாயம் தீர்ந்ததும் கலைந்த அந்த ஒன்றை மட்டும் தாராளமாகக் கூட்டணி என்றே எழுதுங்கள்.