கனமான குண்டு தூரத்துக்குக் கைகொடுக்குமா?

மான் வேட்டைப் பருவம் நெருங்கினால் சுடுதளத்தில் என்னிடம் வரும் முதல் கேள்வி இதுதான்: "நானூறு மீட்டருக்கு எத்தனை கிரெயின் போடலாம்?" கேட்பவர் கையில் பெரும்பாலும் .308 ரைஃபிள் (0.308 அங்குல விட்டக் குண்டைச் சுடுவது) இருக்கும், பையில் 180 கிரெயின் தோட்டாப் பெட்டி இருக்கும். தூரம் கூடினால் கனமும் கூட வேண்டும் என்று அவரே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பார். குண்டின் எடையைக் கிரெயினில்தான் சொல்வார்கள், ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அந்தக் 'கனமான' குண்டு 12 கிராமைக்கூடத் தொடாது.

என்னிடம் பயின்ற ஒருவர் 18 அங்குலக் குழல் கொண்ட .308-இல் 180 கிரெயின் செம்புக் குண்டு போட்டு, 400 மீட்டரில் ஒரு மானைச் சுட்டார். குண்டு விலாவில் சரியாகத்தான் பட்டது. மான் ஓடிவிட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை, மறுநாள் காலையில்தான் கண்டோம். குண்டு நுழைந்த துளையும் வெளியேறிய துளையும் ஒரே அளவு. உள்ளே போய் விரியவே இல்லை.

வேட்டைக் குண்டு உடலுக்குள் விரிந்தால்தான் விலங்கு சீக்கிரம் விழும். விரிய வேகம் வேண்டும். ஈய உள்ளீடு கொண்ட பல குண்டுகளுக்குக் குறைந்தது விநாடிக்கு 550 மீட்டர், முழுச் செம்புக்குப் பொதுவாக 600-ஐ ஒட்டி. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலில் அளந்தது. அவருடைய ரைஃபிளை வேகமானியில் வைத்தோம். 800 என்று போட்டிருந்தது, வந்தது 760. அது 400 மீட்டரைத் தொடும்போது 550-க்கும் கீழே போய்விடும். அப்புறம் எப்படி விரியும்?

சரி, குழல் நீளமாக இருந்தால்? .308-இல் நல்ல கூர்முனைக் குண்டு 150 கிரெயின் என்றால் சுமார் 860-இல் கிளம்பி, 400 மீட்டரில் 600 வாக்கில் இருக்கும். 180 கிரெயின் 800-இல் கிளம்பி 575-க்கு வந்திருக்கும். ஆற்றல் கணக்குப் போட்டால் 180-தான் ஜெயிக்கும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றிலாவது கனம் உதவுமா என்றால், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் இரண்டுமே அந்தத் தூரத்தில் ஏறத்தாழ 40 செ.மீ. விலகும். மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இலக்கு சுமார் 20 செ.மீ. அகலம். போதாததற்குக் கனம் கூடினால் தோளில் உதையும் கூடும், விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுகிறவர்களை வாரம்தோறும் பார்க்கிறேன்.

6.5 கிரீட்மூர் (.308-ஐவிட மெலிந்த குண்டு கொண்ட தோட்டா வகை) போன்றவற்றில் 140 கிரெயின் குண்டு தூரத்தில் வேகத்தை நன்றாகத் தக்கவைப்பது உண்மை. அங்கே வேலை செய்வது குண்டின் மெலிந்து நீண்ட வடிவம். அத்தகைய நீளக் குண்டைச் சுழற்றி நிலைநிறுத்த அந்த ரைஃபிள்களின் குழலுக்குள் இருக்கும் சுருள் பள்ளம் 8 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு, அதாவது ஒரு முழுச் சுற்று, சுற்றும். பல .308-களில் 12 அங்குலத்துக்கு ஒன்றுதான். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது, அதனால் அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகிவிடும். முறுக்கு போதாவிட்டால் தாள் இலக்கில் துளை வட்டமாக விழாமல் நீள்வட்டமாகக் கிழியும். அப்படித் தெரிந்தால் அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள். இன்னொன்று, போட்டிச் சுடுதலுக்கான குண்டுகளைத் துல்லியத்துக்காக மானுக்குப் போடாதீர்கள். அவை எப்படி விரியும் என்று நம்ப முடியாது.

செம்புக்கு மாறுகிறவர்களிடம் எடையில் ஒரு படி இறங்கச் சொல்வேன். செம்பு உள்ளே சிதறி எடை இழப்பதில்லை, அதற்குத் தேவை வேகம். அந்த நண்பரும் 130 கிரெயினுக்கு இறங்கினார். கணக்குப்படி அது அவருடைய குட்டைக் குழலிலும் 300 மீட்டரில் விரியும். ஆனால் மேடு ஏறி, மூச்சு வாங்க மண்டியிட்டுச் சுட்டபோது, 20 செ.மீ. தட்டில் ஐந்துக்கு ஐந்தும் விழுந்தது 220 மீட்டரில்தான். துப்பாக்கிக் கட்டையில் ஒரு நாடா ஒட்டி, இப்போது அந்த எண்ணைத்தான் எழுதி வைத்திருக்கிறார்.