பிரஷர் மாத்திரையும் முட்டி வலி மாத்திரையும்

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரை எண்ணிக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்காக எனலாபிரிலும், ஹைட்ரோகுளோரோதயசைடு என்னும் சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையும் சாப்பிடுகிறார். கூடையோடு சரிவில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துபோனதால், சேலத்துக்கு இறங்கும் நாளில் மருந்துக்கடையில் டைக்குளோபினாக் என்னும் வலி மாத்திரையும் வாங்கி வருகிறார். தனித்தனியே பார்த்தால் மூன்றும் பழகிய மருந்துகள்தாம். சிக்கல் அவை சிறுநீரகத்தில் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரத்தம் நுழைய ஒரு குழாய், வெளியேற ஒரு குழாய். ஏரியில் வரத்து வாய்க்காலும் மதகும் சேர்ந்து நீர்மட்டத்தைக் காப்பதுபோல, இவ்விரண்டும் சேர்ந்து வடிகட்டலுக்கு வேண்டிய அழுத்தத்தைக் காக்கின்றன. இரத்த ஓட்டம் குறையும்போது புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் நுழைவாயிலை அகலப்படுத்துகிறது. ஆஞ்சியோடென்சின் வெளிவாயிலைச் சுருக்குகிறது. டைக்குளோபினாக் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுப்பதால் வரத்து குறுகுகிறது, எனலாபிரில் ஆஞ்சியோடென்சினைக் குறைப்பதால் மதகு திறந்தே கிடக்கிறது, சிறுநீர்ப் பெருக்கியோ ஏரிக்கு வரும் நீரையே குறைத்துவிடுகிறது. இந்த நிலையில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போதும், வடிகட்டல் சட்டென்று சரிந்து, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் ஏறிவிடும். பொட்டாசியமும் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடும்.

இதில் இன்னொரு வஞ்சகமும் உண்டு. டைக்குளோபினாக் உப்பையும் நீரையும் உடலில் தேக்குவதால் அழுத்தமே உயரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 160/100 என்று கண்டதும், வலி மாத்திரையைப் பற்றிக் கேட்காமல் அம்லோடிபின் என்னும் இன்னொரு பிரஷர் மாத்திரை சேர்க்கப்படலாம். அதனால் கணுக்கால் வீங்கினால், வீக்கத்துக்கென்று இன்னொரு மாத்திரை வரலாம். அந்த வீக்கம் நுண்குழாய்கள் விரிவதால் வருவது, நீர் மிகுதியால் அன்று. ஆகவே சிறுநீர்ப் பெருக்கி அதற்குப் பெரிதாக உதவாது, அம்லோடிபினின் அளவைக் குறைப்பதோ, மருந்தை மாற்றுவதோதான் பெரும்பாலும் வழி. (ஏற்றம் ஏறி வந்த மூச்சோடு, ஸ்வெட்டர் கையின் மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த அளவை நம்புவதற்கில்லை என்பது தனிக்கதை, ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும்.)

எனவே எனலாபிரில் தொடங்கியோ அளவைக் கூட்டியோ ஓரிரு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்ப்பதும், முட்டிக்குப் பாராசிட்டமாலையோ மேலே தடவும் ஜெல்லையோ முதலில் முயல்வதும் மருத்துவர் பக்கத்துக் கடமைகள். நோயாளி பக்கத்தில் ஒரு சிறு தடை இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, அது குறிப்பேட்டிலும் ஏறுகிறது. கடையில் வாங்கிய வலி மாத்திரை எதிலும் ஏறுவதில்லை. நான்கு மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துத் தரும்போது, மருந்தின் பெயர் அச்சிட்ட துண்டு பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. முந்தானையில் முடிந்து வரும் மீதி அட்டையில் வெள்ளித்தாள் மட்டுமே பளபளக்கிறது.