கட்டிலருகே நின்று காரணம் சொல்லாதீர்கள்

போன வாரம் மறுபடியும் ஒருவர். வாய்ப்புற்றுநோய், தாடை எலும்பு வரை போய்விட்டது. கடும் வலிக்குக் கொடுக்கும் 'மார்பின்' (morphine) மாத்திரை ஆரம்பித்த பிறகு ராத்திரி தூங்குகிறார் என்று அவர் மனைவி நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இந்த முறை ஒரு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்தபடி வந்தார். மாத்திரை அட்டை பிரிக்காமல் பையில் இருந்தது. வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்கள், "மாத்திரையை நம்பினால் அற்புதம் எப்படி நடக்கும்? மறைத்துவைத்த பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர் யோசித்து யோசித்து, சின்ன வயதில் அப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்த காசைக்கூட அறிக்கை செய்துவிட்டார். வலி குறையவில்லை. இப்போது வலியோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. அதற்கு என்னிடம் மாத்திரை கிடையாது.

நான் நோய்த் தணிப்புச் சிகிச்சை மருத்துவர், நோயாளியின் வலியையும் வேதனையையும் குறைப்பதுதான் என் வேலை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவளும்கூட. அதனால் இதை வெளியாள் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

"தேவன் ஏன் இதை அனுமதித்தார், டாக்டர்?" இந்தக் கேள்வி எங்கள் வார்டில் தினமும் வரும். ஒரே வரியில் பதில் வேதத்திலும் இல்லை. சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவிக்கிறது என்கிறார் அப்போஸ்தலனாகிய பவுல். சில துன்பம் மனிதன் மனிதனுக்குச் செய்வது. சிலது நம்மைப் பக்குவப்படுத்தும். சிலதுக்குக் காரணமே சொல்லப்படவில்லை. ஆனால் ஒரு பதில் மட்டும் தவறு என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஆட்கள் வீடு வீடாகக் கொண்டுபோவதும் சரியாக அந்தப் பதிலைத்தான்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் கேட்டார்கள்: இது இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் மற்ற எல்லாரைக்காட்டிலும் பெரிய குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அவரே இல்லை என்றார் (லூக்கா 13). 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி வந்த யாத்திரிகர்கள் கடற்கரையிலேயே அடித்துச் செல்லப்பட்டார்கள். அதற்கும் பாவக்கணக்குப் பார்த்துப் பிரசங்கம் பண்ணியவர்கள் உண்டு. லூக்கா 13-ஐ அவர்கள் எந்த வேதாகமத்திலிருந்து கிழித்துப் போட்டார்களோ!

நல்லவனாய் இருந்தும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் பாதிப் பேர் யோபுவின் நண்பர்களை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூன்று பேரும் முதலில் நல்ல காரியம் செய்தார்கள். ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். நீ பாவம் செய்யாமலா இது வரும் என்பதையே அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள். "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு அலுத்துக்கொண்டான். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யார்மேல்? ஆண்டவரை எதிர்த்து வழக்காடின யோபுமேல் இல்லை, அவருக்காக வக்காலத்து வாங்கின இந்த மூன்று பேர்மேல்.

புகையிலையால் புற்றுநோய் வரவில்லையா என்று கேட்பீர்கள். வரும். அதைச் சொல்ல வேண்டிய இடம் பள்ளிக்கூடம், வாலிபர் கூட்டம். தாடை அழுகிக் கிடப்பவரின் கட்டில் இல்லை. வெற்றிலை, புகையிலை தொடாதவர்களும் என் வார்டில் இருக்கிறார்கள்.

அடுத்தது "விசுவாசம் போதாது." பவுல் தன் மாம்சத்தில் இருந்த 'முள்' என்ற வேதனை நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டார், நீங்கவில்லை. கிருபை போதும் என்றுதான் பதில் வந்தது. உடன் ஊழியரான துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியாய் விட்டுவிட்டு வந்தேன் என்று அவரே எழுதுகிறார். இன்னொரு உடன் ஊழியரான தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கு விசுவாசம் போதவில்லை என்று யார் சொல்வது?

வலி தேவனுடைய ஈவு என்று டாக்டர் பால் பிராண்டைக் காட்டுகிறவர்களும் வருகிறார்கள். அவர் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். தொழுநோயாளிகளின் விரல் அழிவதற்குக் காரணம் வலி தெரியாமல்போவதுதான் என்று வேலூரில் கண்டு, மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினவர். அவர் சொன்னது எச்சரிக்கை மணியாக இருக்கிற வலியை. எலும்பில் பரவிவிட்ட புற்றுநோயின் வலி யாரை எதற்காக எச்சரிக்கிறது? செய்தி வந்து சேர்ந்த பிறகும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அதை நிறுத்தத்தான் வேண்டும்.

மாத்திரை வேண்டாம் என்பதற்கு நோயாளிகளே சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அதைக் கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கும். "இயேசுவே சிலுவையில் வலி மரக்கக் கொடுத்த வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை வாங்கவில்லையே, நான் எப்படி மார்பின் வாங்குவது?" அம்மா, ஐயா, அந்தப் பாடுகளின் பாத்திரம் அவருடையது. அதையும் அவர் நீங்கும்படி கேட்டுப் பார்த்தார். தன்னிடம் வந்த ஒரு நோயாளியையாவது "பொறுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்பினாரா? கத்தோலிக்கர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: வேறு வழியில்லாதபோது வலி தணிக்கப் போதை மருந்து தருவது சரியே என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-லேயே மருத்துவர்களுக்குச் சொல்லிவிட்டார். 1967-இல் லண்டனில் கடைசிக்கால நோயாளிகளுக்கான புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இந்தச் சிகிச்சைக்கே வழிகாட்டின சிசிலி சாண்டர்ஸும் விசுவாசிதான்.

சிலுவையைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு: தேவன் துன்பத்தை வெளியே நின்று வேடிக்கை பார்க்கவில்லை. ஏன் என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடாது. "என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று அவரே கேட்டார், அதற்கு மேலிருந்து பதில் வந்ததாக எழுதப்படவில்லை. ஆகவே உங்கள் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டால் "அப்படிப் பேசாதீங்கம்மா" என்று வாயை அடைக்காதீர்கள். அது அவிசுவாசம் இல்லை, ஜெபம். 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. வாசித்துக் காட்டுங்கள்.

"சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்று நோயாளி தானாகச் சொன்னால் ஆமென் சொல்லுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகிறீர்களா? நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருங்கள், நின்றுகொண்டு பேசாதீர்கள். கேட்டுவிட்டு ஜெபம் பண்ணுங்கள், சுருக்கமாக, காது கேளாதவருக்குப் போல் கத்தாமல். எண்ணெய் பூச வேண்டுமானால் பூசுங்கள், புண்மேல் மட்டும் வேண்டாம். யாருக்கோ சுகமான சாட்சியை இங்கே அவிழ்க்காதீர்கள். வீட்டுக்காரம்மா சாப்பிட்டாரா என்று கேளுங்கள், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள்.

பாஸ்டர்மாரே, ஆயர்மாரே, ஃபாதர்மாரே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். "மாத்திரையை நிறுத்து" என்று உங்கள் ஜெபக்குழுவில் யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு ஞாயிறு மேடையிலிருந்தே சொல்லுங்கள். நாங்கள் நூறு தடவை சொல்வதைவிட நீங்கள் ஒரு தடவை சொன்னால் கேட்பார்கள். புற்றுநோய் வலிக்காக எழுதித் தந்த அளவில் கொடுக்கும் மார்பின் போதைக்காரராக்குவது மிக அரிது. சாதாரண மார்பின் மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திருந்து விழுங்கக் கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, எழுதித் தந்தபடி. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே தருகிறோம், அதையும் நிறுத்தாதீர்கள். உபவாசம் இருக்க வேண்டுமென்றால் ஜெபிக்கிறவர்கள் இருங்கள், நோயாளிக்குக் கஞ்சி கொடுங்கள்.