வெள்ளனப் போனால் மட்டும் போதாது

"எயார்போர்ட்டுக்கு வெள்ளனப் போங்கோ." வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரிலிருந்து புறப்படும் அம்மா அப்பாவுக்குச் சொல்வது பெரும்பாலும் இது ஒன்றுதான். நான் யாழ்ப்பாண நகரில் விமானப் பயணச்சீட்டு அலுவலகம் நடத்துகிறேன். பேரப்பிள்ளையைப் பார்க்க, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு, கலியாணத்துக்கு என்று ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் சூரிச்சுக்கும் போகும் வயதானவர்கள்தான் என் மேசைக்கு முன்னால் அதிகம் அமர்கிறார்கள். அவர்கள் பிந்திப் போவதேயில்லை. விமானம் விடியப்புறம் என்றால் முதல்நாள் மாலையே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்பார்கள். அப்படியிருந்தும் பாதுகாப்புச் சோதனையில் அலைக்கழிந்து, வியர்த்து விறுவிறுத்து, கடைசி ஆளாக விமானத்தில் ஏறினோம் என்று திரும்பி வந்து சொல்கிறார்கள். வரிசை நீளமாக இருந்ததாகச் சொல்வார்கள். விசாரித்தால், வரிசையில் நின்றது கால் மணித்தியாலம், கைப்பையைத் திறந்து கொட்டி மறுபடி அடுக்கியது அரை மணித்தியாலம் என்று வரும்.

முதலில் இந்த "வெள்ளன" எவ்வளவு என்று பார்ப்போம். யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் போகிறவர்கள் வவுனியா, மதவாச்சி, அனுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாகப் போனால் கொழும்புக்குள் நுழையாமலே கட்டுநாயக்காவை அடையலாம். இடையில் தேநீருக்கும் கழிப்பறைக்கும் நிறுத்தினால் ஏழு, எட்டு மணித்தியாலம் ஆகும். வான் பழுதாகும், மழை பெய்யும் என்று இன்னும் இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்வது நியாயம். ஆனால் ஒன்பது மணித்தியாலம் முந்திப் போய் என்ன செய்வது? கவுண்டர் திறப்பது பொதுவாக விமானம் புறப்பட மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு முன்புதான். அதுவரை வெளியே இருக்கையில் பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். கழிப்பறைக்குப் போக வேண்டி வரும் என்று அம்மாமார் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். நீரிழிவு உள்ள ஐயாமார் சாப்பாட்டு நேரம் தவறிக் களைத்துப்போவார்கள். பிறகு அந்தக் களைப்போடு வரிசையில் நின்றால், "பெல்ட்டைக் கழற்றுங்கள்" என்பதே காதில் விழாது. நான் சொல்லும் கணக்கு: வாசலுக்குப் போய்ச்சேர நாலு மணித்தியாலம் முந்தி, அவ்வளவுதான். அதற்கு முன்பே கட்டுநாயக்காப் பக்கம் வந்துவிட்டால், நீர்கொழும்பில் தெரிந்தவர் வீட்டிலோ ஒரு சாப்பாட்டுக் கடையிலோ இருந்து ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கவுண்டர் பெரும்பாலான விமானங்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி மூடப்படும். இந்த நேரத்தை மட்டும் மறக்கக்கூடாது.

இன்னொன்று, வரிசை ஒன்றல்ல. கட்டுநாயக்காவில் முனையத்துக்குள் நுழையும்போதே பெட்டி எல்லாம் ஸ்கானருக்குள் போகும். அப்புறம் செக்-இன். அப்புறம் குடியகல்வு. பாஸ்போட்டில் முத்திரை விழுந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கடைகளைப் பார்த்துக்கொண்டு, வட்ஸ்அப்பில் மகனோடு கதைத்துக்கொண்டு பலர் நின்றுவிடுகிறார்கள். கேற்றடியில் இன்னொரு பாதுகாப்புச் சோதனை இருக்கிறது. தோகாவிலோ டுபாயிலோ விமானம் மாறுகிறீர்கள் என்றால் அங்கே மறுபடியும் ஒன்று. நள்ளிரவு தாண்டினால் வளைகுடாப் பக்கம் போகும் விமானங்கள் அடுத்தடுத்துப் புறப்படும். வேலைக்குப் போகும் இளம் ஆட்களும் பெண்களும் கூட்டம் கூட்டமாக அதே வரிசைகளில் நிற்பார்கள். கடைக்குப் போவதென்றால் முதலில் கேற் எந்தப் பக்கம் என்று பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.

இனிக் கைப்பைக்கு வருவோம். பெரிய பெட்டி நிறை நிரம்பிவிடும். தராசில் இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டும். உடனே வீட்டில் என்ன நடக்கும்? எது சின்னதாகவும் பாரமாகவும் இருக்கிறதோ அதை எடுத்துக் கைப்பைக்குள் வைப்பார்கள். சின்னதாகவும் பாரமாகவும் இருக்கும் பொருள்தான் ஸ்கானர்காரருக்குத் தலையிடி. எக்ஸ்-கதிர்த் திரையில் பொருட்கள் நிறம் நிறமாகத் தெரியும். உலோகம் நீலம், உணவு, துணி, கடதாசி போன்றவை செம்மஞ்சள், இடைப்பட்டவை பச்சை. வெடிபொருளும் செம்மஞ்சளாகத்தான் தெரியும். பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான்கள் பத்தை இறுக்கி அடுக்கி, மேலே பனம்பழக் களியைக் காயவைத்த பினாட்டை வைத்து, அலுமினியத் தாளில் சுற்றி, மண்ணிற டேப்பை நாலு சுற்றுச் சுற்றினால், திரையில் ஊடுருவிப் பார்க்க முடியாத ஒரு செம்மஞ்சள் கட்டி தெரியும். திரைக்கு முன்னால் இருப்பவர் பருத்தித்துறைக்காரராக இருந்தாலொழிய அது பனங்கட்டி என்று அவருக்கு எப்படித் தெரியும்? பை தனியே ஒதுக்கப்படும். டேப்பைக் கிழிப்பார்கள், துணித் துண்டால் துடைத்துக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். உங்களுக்கு முன்னால் இன்னும் நாலு பை ஒதுக்கப்பட்டிருந்தால் அதுவும் சேர்ந்து காத்திருப்பு.

ஒருமுறை ஒரு அம்மா மகளிடம் சூரிச்சுக்குப் புறப்பட முதல்நாள், ரிக்கற் பிரதி எடுக்க வந்தபோது கையோடு அந்தப் பையையும் கொண்டுவந்திருந்தார். "தம்பி, இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். மேசையில் ஒவ்வொன்றாக வைத்தோம். குட்டான்கள், புழுக்கொடியல் கட்டு, ஹோர்லிக்ஸ் போத்தலில் எலுமிச்சங்காய் ஊறுகாய், அரை கிலோ மிளகாய்த்தூள், கோயில் திருநீறு, ஒரு பெட்டி கற்பூரம், சேலைத் துண்டில் சுற்றிய பாக்குவெட்டி. "மருந்து எங்கேயம்மா?" என்று கேட்டேன். "அது பத்திரமா பெரிய பெட்டிக்குள்ள அடியில வச்சிருக்கிறன்." இன்சுலினும் அங்கேதான்.

அந்த மேசையிலேயே பாதி வேலை முடிந்தது. ஊறுகாய், தயிர், நெய், தேன் எல்லாம் சோதனைச் சாவடியின் கணக்கில் திரவம். 2006 ஆகஸ்டில் பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் அத்திலாந்திக் கடக்கும் விமானங்களைத் தகர்க்கும் சதி பிரித்தானியாவில் பிடிபட்ட பிறகு வந்ததுதான் 100 மில்லிலீற்றர் விதி. போத்தலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மில்லிலீற்றர் போத்தலின் அடியில் கொஞ்சம் நல்லெண்ணெய் ஒட்டியிருந்தாலும் அது போகாது. புதிய ஸ்கானர்கள் வந்த சில விமான நிலையங்களில் இந்த விதியைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் உங்கள் வழியில் மூன்று விமான நிலையங்கள் இருந்தால் அதில் மிகக் கடுமையானதற்கு ஏற்றபடிதான் பை கட்ட வேண்டும். மிளகாய்த்தூள் பெரிய பெட்டிக்கு. அமெரிக்கா போகும் விமானங்களில் 2018 முதல் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள் எதுவானாலும் கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். பாக்குவெட்டியும் பெரிய பெட்டிக்கு. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள், அது எந்தப் பெட்டியிலும் போகக்கூடாது. சூரிச்சிலும் தமிழ்க் கடை இருக்கிறது, அங்கே வாங்கலாம் என்றேன். அம்மாவுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை.

மருந்து மட்டும் பெரிய பெட்டியிலிருந்து கைப்பைக்கு வர வேண்டும். சரக்கறைக் குளிரில் உறைந்த இன்சுலின் பிறகு உதவாது. பெட்டியே ஒரு நாள் பிந்தி வந்தால் அதைவிட மோசம். மருந்துக்கு 100 மில்லிலீற்றர் விதியில் விலக்கு உண்டு, ஆனால் கேட்காமலே எடுத்து வெளியே வைத்துக் காட்ட வேண்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே சொப்பிங் பையில் போடாதீர்கள். வைத்தியரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், அதில் மருந்தின் பொதுப்பெயரும் ஊசியும் எழுதப்பட்டிருந்தால் போதும். கடிதம் கைப்பையின் வெளி அறையில் இருக்கட்டும். பவர் பாங்க்கும் இப்படித்தான், கைப்பையில் மட்டும். பெரிய பெட்டிக்குள் இருந்தால் உங்களைத் தேடிக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். 100 வாற்று-மணித்தியாலம் வரை பிரச்சினையில்லை, கடையில் விற்கும் 20,000 மில்லி அம்பியர்-மணித்தியாலப் பவர் பாங்க் ஏறத்தாழ 74 வரும். எமிரேட்ஸில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஒருவருக்கு ஒன்று, அதையும் விமானத்துக்குள் பாவிக்கக்கூடாது.

பை சரி. அடுத்தது உடம்பு. உலோகம் கண்டுபிடிக்கும் வாசல் எங்கள் ஆட்களைக் கண்டால் கத்தும். ஐயாமாரின் வெள்ளி அரைநாண்கொடி, கழுத்துத் தாயத்து, அம்மாமாரின் தாலிக்கொடி. தாலிக்கொடியைவிடவும் அதில் கொழுவியிருக்கும் ஊக்குகள்தான் பெரும் தொல்லை. "எப்பவாவது தேவைப்படும்" என்று ஐந்தாறு தொங்கும். அவற்றை முதல்நாளே கழற்றி வையுங்கள். தாலிக்கொடியைக் கழற்றித் தட்டில் போடவே வேண்டாம். தட்டு உங்களுக்கு முன்னால் போய்விடும், நீங்கள் வாசலில் மாட்டிக்கொண்டு நிற்பீர்கள், நகை அந்தப் பக்கத்தில் தனியே கிடக்கும். போட்டபடியே போங்கள், சத்தம் வந்தால் பெண் அதிகாரி கையால் தடவிப் பார்ப்பார், இரண்டு நிமிடத்தில் முடியும். தனி அறையில் பாருங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பாரமான கொடியை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியில் தாலியைக் கோத்துக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் நல்லதாகப் படுகிறது, ஆனால் அதை யாரிடமும் வற்புறுத்துவதில்லை.

முழங்கால் மாற்றிவைத்தவர்களுக்கும் வாசல் கத்தும். வைத்தியசாலை தரும் அட்டை இருந்தாலும் சோதனையிலிருந்து விடமாட்டார்கள், ஆனால் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது. இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் வாசலில் நின்று தாமதிக்காமல் சாதாரணமாக நடந்து போகலாம். கையில் பிடிக்கும் கருவியை நெஞ்சில் வைத்துக்கொண்டிருக்க விடாமல், அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

வீல்செயார் என்று சொன்னதும் முகம் மாறுகிறவர்கள் அதிகம். "நான் என்ன முடமே?" என்று ஒரு ஐயா என்னிடம் கோபித்தார். அவரால் கோயில் வீதியைச் சுற்றி வர முடியும், அது உண்மை. தோகாவில் கேற்றிலிருந்து கேற்றுக்குக் கிலோமீற்றர் கணக்கில் நடந்து, நடுவில் வரிசையில் நிற்க முடியுமா என்பதுதான் கேள்வி. சீட்டு எடுக்கும்போதே, குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன்பாவது சொன்னால் விமான நிறுவனம் இலவசமாக ஒழுங்கு செய்யும். படி ஏற முடியும், தூரம் நடக்க முடியாது என்றால் ஒரு குறியீடு, படியும் ஏற முடியாது என்றால் இன்னொன்று, ஆசனம் வரை தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் மூன்றாவது. எதுவென்று உண்மையைச் சொல்லுங்கள். வீல்செயாரில் போகிறவர்கள் பெரும்பாலும் தனி வரிசையால் போவார்கள், கூட வரும் ஒருவரும் சேர்ந்து போகலாம். மாறும் இடத்தில் ஓரிடத்தில் இருத்திவிட்டு "இங்கேயே இருங்கள்" என்பார்கள். அங்கிருந்து எழும்பி நடந்துவிடாதீர்கள். ஆளைக் காணாமல் அவர்கள் தேட, நேரம் போய்விடும்.

பலாலியால் போகிறவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் வேறு. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, கொரோனாவில் மூடி, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மறுபடி தொடங்கியது. வருவது எழுபது சொச்சம் பேர் ஏறும் ஏ.ரி.ஆர் விமானங்கள், வரிசை குறுகியது. நேரம் போவது சென்னையில்தான். சென்னையிலிருந்து வேறொரு விமானத்தில் தனிச் சீட்டு எடுத்து மேலே போக நினைக்கிறவர்கள், இந்திய விசாவோடு வெளியே வந்து, பெட்டியை எடுத்து, முதலிலிருந்து எல்லா வரிசையிலும் நிற்க வேண்டும் என்பதைக் கணக்கில் எடுங்கள். மலிவு என்று ஒன்றரை மணித்தியால இடைவெளியில் தனித்தனிச் சீட்டு எடுத்துத் தரச் சொல்கிறவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பதில்லை. ஒரே பதிவில் உள்ள சீட்டு என்றால், முதல் விமானம் பிந்தி அடுத்தது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனிச் சீட்டில் அந்தப் பொறுப்பு யாருக்கும் இல்லை. மாறும் இடத்தில் வயதானவர்களுக்கு மூன்று மணித்தியாலமாவது வேண்டும். வழியில் தீர்வையற்ற கடையில் வாங்கிய போத்தலை, அந்த முத்திரையிட்ட பையைப் பிரிக்காமல் பற்றுச்சீட்டோடு வைத்திருங்கள், பிரித்தால் அடுத்த சோதனையில் எறிந்துவிடுவார்கள்.

எல்லாம் செய்தும் வரிசை நகராமல் நேரம் நெருங்கிவிட்டால் சும்மா நிற்காதீர்கள். போர்டிங் பாஸை உயர்த்திப் பிடித்து, பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் நேரத்தைக் காட்டுங்கள். பாஷை தேவையில்லை, நேரத்தில் விரலை வைத்தாலே விளங்கும், பெரும்பாலும் முன்னுக்கு விடுவார்கள். அதற்கும் வழியில்லாமல் விமானம் போய்விடும் போலிருந்தால், அது புறப்பட முன்பே சீட்டு எடுத்த அலுவலகத்துக்கு அழையுங்கள், அல்லது பிள்ளையிடம் சொல்லி அழைக்கச் செய்யுங்கள். புறப்பட முன் சொன்னால் பல சீட்டுகளைக் கட்டணம் கட்டி வேறு நாளுக்கு மாற்றலாம். சொல்லாமல் விட்டால் வராதவர் என்று பதிந்து, அந்தச் சீட்டில் மிச்சமிருக்கும் பயணங்களையும், திரும்பி வரும் பயணம் உட்பட, கணினி தானாகவே ரத்துச் செய்துவிடும். எங்கள் அலுவலகத் தொலைபேசி எண்ணைக் கைத்தொலைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு கடதாசியிலும் எழுதிப் பாஸ்போட்டுக்குள் வைத்துத்தான் நான் கொடுத்து அனுப்புகிறேன். கைத்தொலைபேசி அந்த நேரத்தில் பெரும்பாலும் தட்டோடு ஸ்கானருக்குள் போயிருக்கும்.