வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் ஆபீஸை விரிவாக்க முடியுமா? 1950களின் அமெரிக்கப் புறநகர் விதி

1954இல் ஜெனரல் ஃபுட்ஸ் என்ற உணவு நிறுவனம் நியூயார்க் நகரின் மன்ஹாட்டனை விட்டுப் புறநகரான ஒயிட் பிளெயின்ஸுக்குப் போனது. 1957இல் கனெக்டிகட் ஜெனரல் என்ற காப்பீட்டு நிறுவனம் ஹார்ட்ஃபர்டிலிருந்து பக்கத்துப் புளூம்ஃபீல்டுக்கு மாறியது. அன்றைய படங்களில் புல்வெளியும் கண்ணாடிச் சுவரும்தான் தெரியும். அந்த மாதிரி ஊர்களில் பெரும்பாலான நிலம் குடியிருப்புக்கு என்று ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே ஓர் ஆபீஸ் வரவோ வளரவோ என்ன வழி?

ஊரைப் பிரித்து, இங்கே வீடு, அங்கே கடை, அதற்கப்பால் தொழிற்சாலை என்று வரையறுக்கும் அதிகாரத்தை 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் வழக்கில் உறுதி செய்தது. யூக்ளிட், ஓஹாயோவில் கிளீவ்லாந்தை ஒட்டிய சின்ன ஊர். பட்டியில் இருக்க வேண்டிய பன்றி கூடத்துக்குள் வந்த மாதிரி, நல்ல பொருளும் தப்பான இடத்தில் தொல்லைதான் என்றார் தீர்ப்பு எழுதிய நீதிபதி சதர்லாந்து. பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் அமைச்சராக இருந்த வணிகத் துறை 1920களில் ஒரு மாதிரிச் சட்டம் தயாரித்தது. பல மாநிலங்கள் அதைத் தழுவியே தங்கள் சட்டத்தை எழுதிக்கொண்டன. கீழே உள்ள எண்கள் அந்த மாதிரிச் சட்டத்தில் உள்ளவை. மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்.

விதி வருவதற்கு முன்பே ஆபீஸ் அங்கே இருந்தால் பொதுவாக அது அப்படியே தொடரலாம், பெரிதாக்கத்தான் கூடாது. விலக்கு கேட்கலாம், அதற்கு ஐந்து பேர் கொண்ட முறையீட்டு வாரியத்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். அதுவும் நிலத்தின் தனிப்பட்ட சூழலால் தேவையற்ற கஷ்டம் என்று காட்டினால்தான். ‘எங்களுக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள், இடம் போதவில்லை’ என்பது கம்பெனியின் கஷ்டம், நிலத்தின் கஷ்டம் இல்லை. இந்த வழியை நம்பி வரைபடம் போடுவது வீண் செலவு என்பேன்.

மிஞ்சுவது நிலத்தின் வகைப்பாட்டையே மாற்றக் கேட்பது. குறைந்தது 15 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். பொது விசாரணை நடக்கும். யார் வேண்டுமானாலும் பேசலாம். மாற்றக் கேட்கும் நிலத்திலோ, அதன் பின்புறம் ஒட்டிய மனைகளிலோ, எதிர்ப்புற மனைகளிலோ 20 சதவீதப் பரப்பின் சொந்தக்காரர்கள் எழுத்து மூலம் ஆட்சேபித்தால், சாதாரணப் பெரும்பான்மை செல்லாது. விதியை இயற்றும் ஊர் மன்றத்தின் மொத்த உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். ஐந்து பேர் மன்றமென்றால் மூன்று கை போதாது, நான்கு தேவை. அன்று வராதவரும் கணக்கில் உண்டு. தலைகளை எண்ணுவதில்லை, பரப்பை அளக்கிறார்கள். பெரிய மனைக்காரர் ஒருவரே போதலாம்.

ஆட்சேபிக்க எத்தனை அடி தூரத்துக்குள் மனை இருக்க வேண்டும் என்பதை மாதிரிச் சட்டம் வெற்றிடமாக விட்டிருந்தது. இங்கேதான் கெட்டிக்காரத்தனம். ஓரத்தில் அகலமான பட்டையை வகை மாற்றாமல் விட்டுவிட்டு, நடுவை மட்டும் மாற்றக் கேட்டால், அண்டைவீட்டார் அந்தத் தூரத்துக்கு வெளியே போய்விடலாம். மரங்கள் நிறைந்த அந்தப் பட்டை வெறும் அழகுக்காக மட்டும் இல்லை என்பது புரிகிறதா?

சில ஊர்கள் இன்னொரு வழி கண்டன. வரைபடத்தில் எங்கே என்று குறிக்காமல் ஒரு மண்டலத்துக்கான விதியை மட்டும் எழுதி வைப்பார்கள். தகுதியான நிலத்தோடு விண்ணப்பம் வந்ததும் அந்த மண்டலத்தை அங்கே இறக்குவார்கள். 1951இல் நியூயார்க் மாநிலத்தின் டாரிடவுனில் அடுக்குமாடிக் குடியிருப்புக்காக இப்படிச் செய்ததை நீதிமன்றம் ஏற்றது. பென்சில்வேனியாவின் லோயர் குவினெட் 1960இல் இதையே தொழில் மண்டலத்துக்குச் செய்து தோற்றது. முழுத் திட்டமில்லாமல் மனுவுக்கு மனு முடிவெடுப்பது ஆகாது என்றது அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்.

நிபந்தனையோடு வகை மாற்றுவதும் உண்டு. 1960இல் நியூயார்க்கின் ஐஸ்லிப்பில் ஒரு மூலை நிலம் வணிகத்துக்கு மாறியபோது, கட்டடம் நிலத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஆறடி வேலியும் செடிகளும் வேண்டும் என்று ஊர் கேட்டது. நீதிமன்றமும் சரி என்றது. ஆகவே ஆபீஸை விரிவாக்குபவர் விசாரணைக்குப் போகும் முன்பே எதை விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதி வைத்துக்கொள்வது நல்லது: கார் நிறுத்துமிடத்தை எங்கே மறைப்பது, கட்டடம் எத்தனை மாடி, வண்டிகள் எந்தத் தெரு வழியே வரும். முறையீட்டு வாரியத்தின் முடிவு பிடிக்காதவர்கள் 30 நாளுக்குள் நீதிமன்றம் போகலாம். அதுவரை அஸ்திவாரம் தோண்டாமல் இருப்பதே பத்திரம்.