நாலு பேர் சேர்ந்து போட்ட பாட்டில் யார் பெயர்?

கும்பகோணத்தில் வழக்கறிஞராக இருப்பவரைத் தேடி வருவது பெரும்பாலும் வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, காசோலை வழக்கு. சில ஆண்டுகளாக இந்த வரிசையில் கிதாரும் சேர்ந்துகொண்டது. தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கத்துக் கல்லூரி விடுதிகளில் முளைக்கும் ராக் இசைக்குழுக்கள் சொந்தமாகப் பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றுகின்றன. பாட்டைச் சீந்துவார் இல்லாதவரை யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. குறும்படத்துக்கோ விளம்பரத்துக்கோ ஒருவர் விலை பேச வந்துவிட்டால், மறுவாரம் குழுவில் ஒருவர் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி என் அலுவலகப் படியேறுகிறார்.

ஒரு விவகாரத்தைச் சொல்கிறேன். அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பாடகர் வரிகளை எழுதினார். கிதார் வாசித்தவர் கார்டு வரிசையை, அதாவது மெட்டுக்கு அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசையை, பிடித்துக் கொடுத்தார். பேஸ் கிதார்க்காரர் ஒத்திகையில் திரும்பத் திரும்ப வாசித்த ஒரு சிறு இசைத்துண்டின், அவர்கள் மொழியில் ரிஃப்பின், மேல்தான் பல்லவி பிறந்தது. பாட்டைக் கேட்டவர்கள் இன்றைக்கும் முணுமுணுப்பது அதைத்தான். டிரம்ஸ் வாசித்தவரின் அப்பா சம்பா நெல் விற்ற பணத்தில் ஸ்டுடியோ வாடகையைக் கட்டினார். ஏற்றும்போது ‘வரிகள், இசை’ இரண்டுக்கும் பாடகர் பெயர் போனது. அன்று யாரும் வாய் திறக்கவில்லை. பணம் வரும் என்று தெரிந்ததும் நால்வரும் “பாட்டு என்னுடையது” என்றார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நால்வர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. ‘பாட்டு’ என்று ஒரே சொத்து சட்டத்தில் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி வரிகள் இலக்கியப் படைப்பு, எழுதியவருடையது. மெட்டு இசைப் படைப்பு, அமைத்தவருடையது. சுரம் எழுதத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, இசைக்குறிப்பாக எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அமைத்தவரே இசையமைப்பாளர் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாவது, ஒலிப்பதிவு. அது தயாரிப்பாளருடையது. பதிவை உண்டாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரே தயாரிப்பாளர். பணம் கொடுத்த அப்பா கடனாகக் கொடுத்தாரா, தாமே தயாரித்தாரா என்று நான் கேட்டபோது குழுவில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. டிரம்ஸ் வாசித்தவருக்குத் தம் வாசிப்பின் மேல் நிகழ்த்துநர் உரிமை தனியாக உண்டு. ஆனால் வாசித்ததால் மட்டும் மெட்டில் பங்கு வந்துவிடாது.

கார்டு வரிசைக்காரரின் நிலைதான் பலவீனம். நாலு கார்டு சுற்றிச் சுற்றி வரும் பாட்டுகள் உலகம் முழுக்கக் கிடக்கின்றன. மோகனம் யாருக்கும் சொந்தமில்லை, மோகனத்தில் ஒருவர் போட்ட மெட்டுதான் சொந்தம் என்று அவருக்கு விளக்கினேன். முகம் வாடினாலும் புரிந்துகொண்டார்.

ரிஃப் விஷயம் அப்படி லேசில் முடியவில்லை. ஒருவர் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரிக்க முடியாதபடி கூடிச் செய்த படைப்புதான் நம் சட்டத்தில் கூட்டுப் படைப்பு. ஒத்திகை அறையில் எது படைப்பு, எது வாசிப்பு என்று கோடு போடுவது எளிதல்ல. இங்கிலாந்தின் இரண்டு வழக்குகளை இளைஞர்களிடம் அடிக்கடி சொல்வேன். புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967இல் வந்தது. பாடகர் கேரி புரூக்கர், வரிகள் எழுதிய கீத் ரீட் இருவர் பெயரில்தான் பாட்டு இருந்தது. ஆர்கன் வாசித்த மேத்யூ ஃபிஷர், அந்த ஆர்கன் இசை தம் கற்பனை என்று 2005இல்தான் வழக்குப் போட்டார். மறு ஆண்டு உயர் நீதிமன்றம் இசையில் 40 சதவீதம் அவருக்கென்றது. மேல்முறையீட்டில் அடிபட்டு, 2009இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அவர் பங்கை மீட்டுக் கொடுத்தது. கடந்த காலப் பணம் மட்டும் கிடைக்கவில்லை. 38 ஆண்டு சும்மா இருந்ததற்கு அவர் கொடுத்த விலை அது.

இரண்டாவது வழக்கில் பங்கு கேட்ட ஸ்பாண்டவ் பாலே குழுவினருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. குழுவில் பாட்டு எழுதிய கேரி கெம்ப் பாட்டுகளை முழுதாக முடித்துக்கொண்டுதான் ஒத்திகைக்கு வந்தார், மற்றவர்கள் செய்தது நல்ல வாசிப்பு என்று 1999இல் தீர்ப்பானது. சாக்ஸபோன் தனி வாசிப்பும் எடுபடவில்லை. இவை வெளிநாட்டுத் தீர்ப்புகள், நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆனாலும் கேள்வி ஒன்றுதான்: நீங்கள் வாசித்ததை எடுத்துவிட்டால் போவது பாட்டா, பாட்டின் ஒரு பதிவா? எங்கள் பேஸ் கிதார்க்காரரின் ரிஃப்பை எடுத்தால் பல்லவியே நிற்காது என்பது என் கருத்து. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒப்புக்கொள்ளவில்லை, அது அவர் தொழில்.

திருவையாற்றுத் தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாகக் கீர்த்தனையில் வைத்தார், தீட்சிதர் ‘குருகுஹ’ என்று வைத்தார். நாலு பேர் குழுவுக்கு அந்த வசதி கிடையாது. ஒரு வெள்ளைத்தாள் போதும். மெட்டு முடிந்த அன்றே வரிகள் யார், மெட்டு யார், யாருக்கு எத்தனை சதவீதம், பதிவின் செலவும் உரிமையும் யாருடையது என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பெயரும் பணமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கிலாந்தின் குயீன் ராக் குழுவினர் 1989 முதல் யார் எழுதிய பாட்டானாலும் குழுவின் பெயரிலேயே வெளியிட்டார்கள். சண்டை குறைய அது ஒரு வழி. ஆனால் உழைக்காதவருக்கும் பங்கு போகிறதே என்ற புகைச்சல் அதிலும் வரலாம்.

“எல்லா உரிமையையும் விட்டுவிட்டேன்” என்று யாராவது கையெழுத்துக் கேட்டால் நிதானியுங்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வரிகளுக்கும் மெட்டுக்கும் உரியவர் தம் ராயல்டி பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது. படைத்தவர் என்று பெயர் கோரும் உரிமையும் விற்பனையோடு போய்விடுவதில்லை.

தாள் இல்லாதவர்களுக்குத் தொலைபேசிதான் துணை. முதன்முதலில் முணுமுணுத்து அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு, தேதியோடு இருக்கும் மென்பொருள் கோப்பு இவையெல்லாம் சாட்சியம். பழைய போனை விற்றுத் தொலைக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழோடு தாக்கல் செய்யும்போது மூலக் கருவி கையில் இருப்பது பெரிய பலம்.

வழக்குப் போடச் சென்னைக்கு ஓட வேண்டாம், வாதி குடியிருக்கும் ஊரின் எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்கானால், அவசர இடைக்காலத் தடை கேட்காத பட்சத்தில் முதலில் சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். எங்கள் நால்வரும் அங்கேதான் முடித்துக்கொண்டார்கள்: வரிகள் பாடகருக்கு, மெட்டு பாடகருக்கும் பேஸ் கிதார்க்காரருக்கும் சரிபாதி, பதிவு நால்வருக்கும், நெல் பணம் முதல் வருமானத்தில் திரும்ப வரும். கார்டு பிடித்தவர் சிங்கப்பூர் வேலைக்குப் போகவிருந்ததால், குழுவை விட்டு விலகுபவரின் பங்கு அவர் வங்கிக் கணக்குக்கே போகும் என்று ஒரு பத்தியைக் கடைசியில் சேர்த்தோம்.