பெயின்ட் பூசாத ரயில் பெட்டி

"மெட்ரோ ரயில் வெயிலிலும் மழையிலும் ஓடுகிறது. அதற்கு ஏன் பெயின்ட் அடிப்பதில்லை? துரு பிடிக்காதா?" திண்டிவனத்திலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பெட்டி எவர்சில்வர், அது துருப்பிடிக்காது என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எவர்சில்வர் டம்ளர் என்பது ஒரே தகட்டை அச்சில் வைத்து அழுத்தி எடுப்பது, அதில் ஒட்டே கிடையாது. ரயில் பெட்டியிலோ ஆயிரக்கணக்கில் ஒட்டு. எவர்சில்வர் தோற்றுப்போகிற இடமே அந்த ஒட்டுதான். அங்கே அது எப்படித் தோற்காமல் நின்றது என்பதற்கு நான் காட்ட விரும்பும் சாட்சி, நியூயார்க் சுரங்க ரயிலில் 57 ஆண்டுகள் இருந்த 'ஆர்32' பெட்டி.

நியூயார்க்கில் பெட்டி ரகங்களுக்கு அவற்றை வாங்கிய ஒப்பந்தத்தின் எண்ணே பெயராகிவிடும். ஆர்32 அப்படி வந்த பெயர். பிலடெல்பியாவில் இருந்த பட் நிறுவனம் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 600 பெட்டிகளைக் கட்டிக் கொடுத்தது. நீளம் 60 அடி, அகலம் 10 அடி, பக்கத்துக்கு நான்கு கதவு, இரண்டிரண்டாகப் பிணைத்த ஜோடிகள், ஓட்டுவதற்குப் பக்கத்தில் மின்சாரம் பாயும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 600 வோல்ட் நேர்மின்சாரம். 1964 செப்டம்பர் 9 அன்று முதல் ரயிலை கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் மக்களுக்குக் காட்டினார்கள். அதுவரை அந்த ஊர் பார்த்துப் பழகியது பெயின்ட் பூசிய இரும்புப் பெட்டிகளை. இதே பட் நிறுவனம் 1949-இல் பத்தே பத்து எவர்சில்வர் பெட்டிகளைச் செய்து கொடுத்திருந்தது. பளபளவென்று வந்த புதிய பெட்டிகளுக்கு 'பிரைட்லைனர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்பது பள்ளிப் பாடம்தான். இந்த வேலைக்குப் பயன்படும் ரகத்தில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் சில நானோமீட்டர் கனத்தில் ஒரு படலமாகிறது. கீறினாலும் அந்த இடத்தில் புதுப்படலம் உடனே வளர்ந்துவிடும். இரும்புக்கு நாம் பூசுகிற பெயின்டை இந்த உலோகம் தானே பூசிக்கொள்கிறது.

சிக்கல் வெல்டிங் வைக்கும்போது வருகிறது. எவர்சில்வரும் ஒரு வகை எஃகுதான், எஃகில் கொஞ்சம் கார்பனும் உண்டு. ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் எவர்சில்வரைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தால், அந்தக் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோகப் படிகங்களின் ஓரங்களில் கார்பைடாகப் போய்ப் படியும். ஓரத்தை ஒட்டிய பகுதியில் குரோமியம் வற்றிவிடும். படலம் உருவாக ஏறக்குறைய 12 பங்காவது வேண்டும், அதற்கும் கீழே போனால் பாதுகாப்பு இல்லை. வெளியே பார்த்தால் தகடு பளபளவென்றே இருக்கும். உள்ளே படிகங்களுக்கு இடையிலான எல்லைக்கோடு வழியாக அரிப்பு ஓடிக்கொண்டிருக்கும். சாதாரண வெல்டிங்கில் பக்கத்து உலோகம் மெல்லச் சூடேறி மெல்ல ஆறுகிறது. அதாவது, கெடுதல் நடக்கிற அதே வெப்பத்தில் போதுமான நேரம் காத்திருக்கிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. குளிர்நிலையில் உருட்டி வலிமை ஏற்றிய தகடு, நெடுநேரம் சூடுபட்டால் அந்த வலிமையை இழந்துவிடும்.

பட் நிறுவனத்தின் பொறியாளர் ஏர்ல் ராக்ஸ்டேல் 1930-களின் தொடக்கத்தில் கண்ட வழிக்கு 'ஷாட்வெல்ட்' என்று பெயர். 1934-இல் காப்புரிமை கிடைத்தது. எனக்கு அலுக்காத விஷயம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலும் கீழும் செம்பு முனைகளால் இறுக்கிப் பிடிக்கிறார்கள். பிறகு பல ஆயிரம் ஆம்பியர் மின்சாரம், ஒரு நொடியில் சிறு பங்கு நேரத்துக்கு மட்டும். மின்தடை எங்கே அதிகமோ அங்கேதான் சூடு பிறக்கும். இந்த அடுக்கில் தடை மிகுந்த இடம் இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும் நடுப்பரப்பு. அதனால் வெளித்தோல் உருகுவதற்கு முன்பே நடுவில் உளுந்து போல ஒரு பொட்டு உருகுகிறது. வெளிப்பக்கத்துச் சூட்டைச் செம்பு முனைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. மின்சாரம் நின்றதும் பொட்டு சட்டென்று உறைகிறது. கார்பன் நகர்ந்து போய்க் குரோமியத்தைப் பிடிக்க அவகாசமே கிடைப்பதில்லை. வெப்பத்தைக் குறைத்து இதைச் சாதிக்கவில்லை, நேரத்தைக் குறைத்துச் சாதித்தார்கள். இதை முதன்முதலில் படித்த நாளில் எழுந்த வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

எவர்சில்வரின் குணமும் இதற்கு ஒத்துழைக்கிறது. சாதாரண எஃகைவிட இதன் மின்தடை ஏறத்தாழ ஐந்து மடங்கு. வெப்பத்தைக் கடத்தும் திறனோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு எளிதில் பிறக்கும், பிறந்த இடத்தை விட்டுப் பரவாது.

சமையலறைக்குப் போய் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்துப் பாருங்கள். பிடி மாட்டியிருக்கும் 'காது' பாத்திரத்தோடு சேரும் இடத்தில் வட்ட வட்டமாக நாலைந்து சிறு குழிகள் தெரியும். விரலால் தடவினால் உணரலாம். ஆணியும் இல்லை, உருகி வழிந்த தழும்பும் இல்லை. இதுவும் அதே மாதிரிப் பொட்டு வைத்து ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்தான். இதே மாதிரியான ஒட்டை மாதிரித் தகட்டில் போட்டு உரித்துச் சோதிப்பார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் பொட்டு விடாது. அதைச் சுற்றியுள்ள தகடே கிழிந்து ஒன்றில் ஓட்டை விழும், மற்றதில் பொத்தான் போல ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பட் நிறுவனம் இந்த ஒட்டின் மேல் வைத்த நம்பிக்கையைப் பார்க்க வேண்டும். 1931-இலேயே எவர்சில்வர் சட்டத்தில் ஒரு சிறு விமானம் கட்டிப் பறக்கவிட்டது. பிலடெல்பியாவின் பிராங்ளின் கழகத்துக்கு வெளியே 1935-இல் நிறுத்திய அந்த விமானம் பல பத்தாண்டுகள் மழையிலும் பனியிலும் நின்றது. 1934 மே 26 அன்று அதே நிறுவனம் கட்டிய 'செஃபர்' ரயில் டென்வரிலிருந்து சிகாகோ வரை 1,015 மைல் தூரத்தை 13 மணி 5 நிமிடத்தில் ஓடிக் கடந்தது. ஆர்32 பெட்டியின் தோல் இந்த வம்சம்.

அந்தத் தோலில் நீளவாக்கில் வரிவரியாக மடிப்புகள் இருக்கும். அழகுக்கு என்றுதான் பலரும் நினைப்பார்கள். பனையோலை விசிறியை நினைத்துக்கொள்ளுங்கள். விரித்த ஓலை துவளும், மடிப்பு வைத்த ஓலை நிமிர்ந்து நிற்கும். மெல்லிய தகட்டுக்கு விறைப்புத் தருவது மடிப்பின் ஆழம். இன்னொரு லாபம், தட்டையான தகட்டில் பளிச்சென்று தெரியும் ஒட்டுக் குழிகளும் நெளிவுகளும் மடிப்புக்குள் மறைந்துவிடும்.

உடம்பு திடமாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இயந்திரங்களுக்கு வயது ஏறத்தானே செய்யும். 1980-களின் இறுதியில் பெட்டிகளைப் பிரித்துப் புதுப்பித்தார்கள். ஏசி அப்போதுதான் வந்தது. பின்னாளில் அந்த ஏசியே தலைவலியானது. சுரங்கத்துக்குள் ஏற்கெனவே புழுக்கம், பெட்டியிலிருந்து வெளியேற்றும் சூடும் அங்கேயே தங்கும். அதனால் 2010-களின் சில கோடைகளில் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே போகும் 'சி' தடத்திலிருந்து இவற்றை எடுத்து, பெரும்பகுதி மேம்பாலத்தில் ஓடும் 'ஜே' தடத்துக்கு மாற்றினார்கள். கிழவருக்குக் காற்றோட்டமான திண்ணையில் கட்டில் போட்டுக் கொடுத்த மாதிரி. கடைசிக் காலத்தில் நியூயார்க்கில் மற்ற எந்த ரகத்தைவிடவும் அடிக்கடி பழுதானது இதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் உடம்பு கைவிடவில்லை. 1971-73 காலத்தில் வந்த ஆர்44 பெட்டிகளின் கட்டமைப்பில் 2009-இல் பலவீனம் தெரிந்தது. ஆர்32 பெட்டிகளுக்குப் பதிலாக வந்துகொண்டிருந்த புதிய ரயில்கள் ஆர்44-இன் இடத்தை நிரப்பப் போய்விட்டன. அதனால் 222 ஆர்32 பெட்டிகள் தப்பித்து ஓட்டத்தைத் தொடர்ந்தன. ஏழு, எட்டு ஆண்டுகள் இளையவை முதன்மைத் தடங்களை விட்டு முன்னதாகவே விடைபெற்றன.

இங்கே ஒரு ஆதங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரிப்பைப் பற்றிய ஆராய்ச்சி செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வராது. நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. எந்த உலோகம் கடல்காற்றில் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைத் தகடுகளைத் தொங்கவிட்டுப் பொறுமையாகப் பார்த்துச் சொல்கிற வேலை இப்படிப்பட்ட இடங்களில்தான் நடக்கிறது. பத்து ஆண்டு காத்திருந்தால்தான் பத்து ஆண்டுக்கான பதில் கிடைக்கும். மூன்று ஆண்டில் முடிவைக் காட்டு என்று கேட்கிற நிதித் திட்டங்களில் இதற்கு இடம் குறைவு. பாலமும் ரயிலும் கட்டக் கோடிகளை ஒதுக்கும் நாடு, அவை எப்படி மூப்படைகின்றன என்று பார்ப்பவர்களுக்கும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எவர்சில்வருக்கும் ஒரு எதிரி உண்டு. பாட்டிகளுக்கு அது தெரியும். உப்பை அவர்கள் எவர்சில்வர் டப்பாவில் போடுவதில்லை, பீங்கான் ஜாடியில்தான் வைப்பார்கள். உப்பிலுள்ள குளோரைடு அந்தக் குரோமியப் படலத்தை ஊசி குத்தியது போல அங்கங்கே துளைத்துவிடும். நியூயார்க் தன் பழைய சுரங்க ரயில் பெட்டிகளைச் சுத்தம் செய்து, மீன்கள் குடியேறட்டும் என்று அட்லாண்டிக் கடலில் இறக்கி வந்தது. முதலில் இறங்கியவை பெயின்ட் பூசிய பழைய இரும்புப் பெட்டிகள். அவை நன்றாகவே நின்றன. 2008-இல் நியூ ஜெர்சி கரைக்கு அப்பால் 48 எவர்சில்வர் பெட்டிகளை இறக்கினார்கள். ஓராண்டுக்குள் அவற்றில் பெரும்பாலானவை சரிந்து சிதைந்துவிட்டன. தண்டவாளத்தில் அரை நூற்றாண்டு பார்த்த மெல்லிய தோலுக்கு, உப்புநீரும் ஓயாத நீரோட்டமும் வேறு விதமான பரீட்சை.

கரையில் மிஞ்சிய ஆர்32 பெட்டிகள் 2022 ஜனவரி 9 அன்று பயணிகளோடு கடைசியாக ஒருமுறை ஓடின. அவற்றின் மோட்டார்களுக்கும் கதவுகளுக்கும் எத்தனையோ முறை வைத்தியம் நடந்திருந்தது. பக்கவாட்டில் வரிவரியாக மின்னிய தகடு மட்டும் 1960-களில் பட் ஆலையில் பொட்டு வைத்து ஒட்டியது.